நாலு பேருக்காக ஒரு பிடி சோறு

"களி கிண்டறது ஒண்ணும் கஷ்டமில்ல டாக்டர். ஆனா..." என்று இழுத்தார் அந்த அம்மா.

இந்த 'ஆனா' வரும்போது நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். முப்பது வருட அனுபவம்! பாதி வியாதி அந்த 'ஆனா'வுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கும்.

கணவருக்கு 54 வயது. வங்கி உத்தியோகம். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் பரிசோதனையில் 9.2 காட்டியிருந்தது. இங்கிலீஷ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தவும் கூடாது. "மதியம் சோறு ஒரு கரண்டி போதும். அதுக்கு ரெண்டு பங்கு காய், கொஞ்சம் பருப்பு. ராத்திரி கம்பு அடையோ, கேழ்வரகுக் களியோ அளவா சாப்பிடுங்க" என்றேன். அதற்குத்தான் அந்த 'ஆனா'.

"பொண்ணுக்கு நிச்சயம் ஆயிருக்கு டாக்டர். சம்பந்தி வீட்டார் அடிக்கடி வந்து போறாங்க. பெரிய இடம். அவங்க எதிர்ல இவர் தட்டுல ஒரு கரண்டி சோறும் களி உருண்டையும் வெச்சா... நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

சித்த மருத்துவத்தில் நோயறிய எண்வகைத் தேர்வு உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். ஒன்பதாவதாக 'நாலு பேர்' என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்!

போன மாதம் எங்கள் குடியிருப்போர் சங்க விழாவில் ஒருவர் பேசினார். லஞ்சம், வரதட்சணை, கடன், பொறாமை என்று வரிசையாகச் சொல்லி, "எல்லாத் தீமைக்கும் ஆணிவேர் அந்தஸ்து மேல் நமக்கு இருக்கிற ஆசைதான்" என்று முடித்தார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறுத்தியது. காரணம், என் தாத்தா.

எங்கள் பூர்வீகம் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. மழையை நம்பிய பூமி. கம்பு, சோளம், குதிரைவாலி, கேழ்வரகு, பருத்தி. நெல் விளைய வழியே கிடையாது. அதனால் அரிசிச் சோற்றுக்கு எங்கள் ஊரில் தனிப்பெயர்: 'நெல்லுச்சோறு'. தீபாவளி, பொங்கல், கோயில் கொடை, வீட்டில் ஒரு கல்யாணம்... அன்றைக்குத்தான் நெல்லுச்சோறு. மற்ற நாளெல்லாம் வெங்கலக் கும்பாவில் கம்பஞ்சோறும் மோரும், வெஞ்சனத்துக்கு ஒரு துவையலும்.

நெல்லுச்சோறு சாப்பிட்ட நாளில் தாத்தா வீட்டுக்குள் கை கழுவ மாட்டார். செம்பைத் தூக்கிக்கொண்டு தெருத் திண்ணைக்கு வருவார். போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி, விரல் விரலாக, சாவகாசமாகக் கழுவுவார். பாட்டி உள்ளேயிருந்து, "தண்ணி குடத்துல நாளைக்கும் இருக்கணும்!" என்று சத்தம் போடுவாள். நாங்கள் பேரப்பிள்ளைகள் சிரிப்போம்.

வளர்ந்த பிறகுதான் பாட்டி சொல்லித் தெரிந்தது. தாத்தா சிறுவனாக இருந்தபோது பக்கத்து ஊர்ப் பண்ணையார் வீட்டில் வேலை. உள்ளே அரிசி வேகும் வாசனை வரும். இவருக்குக் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்து, சிரட்டையில் கூழ். கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அந்தச் சிரட்டையைத்தான் அவர் ஆயுள் முழுக்கத் தெருத் திண்ணையில் கழுவிக்கொண்டிருந்தார்.

இந்த ஆசையைத் தீமை என்று சொல்ல எனக்கு நா கூசுகிறது. உங்களுக்கு?

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்றைக்குத் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போடுவதற்குப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859-ல்தான் மன்னரின் அனுமதி வந்தது. அதுவும் 'மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது' என்ற நிபந்தனையோடு! தகுதிக்கு மீறி ஆசைப்படுகிறார்கள் என்பதுதான் எதிர்த்தவர்களின் கோபம். ஆக, அந்தஸ்து ஆசையைத் திட்டுகிறவர் யார், எந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு திட்டுகிறார் என்பதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். சங்க விழா மேடையில் பேசியவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவரிடம் இரண்டு வீடு இருக்கிறது.

என்னைக் கேட்டால், மதிப்பாக நடத்தப்பட வேண்டும் என்ற ஆசை பசி மாதிரி. பசி எடுக்காதவனும் நோயாளி, பசி அடங்காதவனும் நோயாளி. இதில் பசியைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? என்ன கொடுத்து அதை அடக்குகிறோம், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்றுதான் ஒரு வைத்தியனால் பார்க்க முடியும்.

தாத்தா விலை கொடுக்கவில்லை. வருஷத்தில் ஐந்தாறு நாள் நெல்லுச்சோறு, மற்ற நாள் காட்டில் வேலை. எண்பது வயது வரை இருந்தார். விலை கொடுத்தது அவருடைய பிள்ளைகள். என் அப்பாவுக்குச் சர்க்காரில் உத்தியோகம் கிடைத்து டவுனுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், வீட்டில் கம்பை ஒழித்ததுதான். மூன்று வேளையும் அரிசி. இட்லி, சோறு, மறுபடி தோசை. உட்கார்ந்த வேலை. 48 வயதில் அவருக்குச் சர்க்கரை. எனக்கு 45-ல். (ஆமாம், வைத்தியனுக்கும் வரும்!)

வெள்ளைச் சோற்றுக்கும் கவுரவத்துக்கும் முடிச்சுப் போட்டது நம் ஊரில் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பான்காரர்கள் நம்மைவிடப் பல மடங்கு அடி வாங்கியிருக்கிறார்கள்.

இன்றைய டோக்கியோவுக்கு அன்றைய பெயர் எடோ. தலைநகரம். அங்கே சாமுராய்களும் வியாபாரிகளும் நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசி சாப்பிட்டார்கள். கிராமத்து ஜனங்களுக்கு பார்லி, சிறுதானியம், அதில் கொஞ்சம் அரிசி. கிராமத்திலிருந்து எடோவுக்கு வந்து பெரிய மனுஷன் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குச் சில மாதங்களில் கால் மரத்துப்போகும், வீங்கும், நெஞ்சு படபடக்கும். ஊருக்குத் திரும்பிப் பழைய சாப்பாட்டுக்குப் போனால் சரியாகிவிடும்! 'எடோ வியாதி' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நாம் இன்று பெரிபெரி என்கிறோம். அரிசியின் தவிட்டில் இருக்கிற தயாமின் என்ற பி1 வைட்டமின், தீட்டத் தீட்டப் போய்விடுவதால் வருவது.

1882-ல் ஜப்பானியக் கடற்படையின் ஒரு பயிற்சிக் கப்பல் நீண்ட பயணம் புறப்பட்டது. கப்பலில் 376 பேர். 169 பேரைப் பெரிபெரி படுக்கவைத்தது. 25 பேர் இறந்தார்கள். கடற்படை டாக்டர் டகாகி கனெஹிரோ, கோளாறு சாப்பாட்டில்தான் என்று வாதாடி, 1884-ல் இன்னொரு கப்பலை அதே வழியில் வேறு சாப்பாட்டோடு அனுப்ப வைத்தார். பெரிபெரியால் ஒருவர்கூடச் சாகவில்லை. அடுத்த வருஷமே கடற்படைச் சோற்றில் பார்லி கலந்தார்கள். கடற்படையில் பெரிபெரி ஏறக்குறைய ஒழிந்தது.

தரைப்படை என்ன செய்திருக்க வேண்டும்? நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆனால் செய்யவில்லை!

அதற்கு இரண்டு காரணம். இரண்டுமே அந்தஸ்துதான். சிப்பாய்களில் பெரும்பாலோர் ஏழை விவசாயிகளின் பிள்ளைகள். பட்டாளத்தில் சேர்ந்தால் தினமும் வெள்ளைச் சோறு என்பதே ஒரு பெருமை. பார்லி என்பது வீட்டில் ஏழை தின்பது, ஜெயிலில் கைதி தின்பது. (அந்தக் கைதிகளுக்குப் பெரிபெரி குறைந்திருந்தது என்பது வேறு கதை.) இரண்டாவது காரணம், தரைப்படையின் பெரிய டாக்டர்கள். ஜெர்மனி மருத்துவத்தின் மேல் அவர்களுக்கு அசாத்தியப் பக்தி. பெரிபெரிக்கு ஒரு கிருமிதான் காரணமாக இருக்கும் என்று நம்பினார்கள். கடற்படை டாக்டர் இங்கிலாந்தில் படித்தவர். அவர் பேச்சைக் கேட்டு, குடியானவன் சாப்பாட்டைச் சிப்பாய்க்குக் கொடுப்பதா?

1904-05-ல் ருஷ்யாவோடு யுத்தம். தரைப்படையில் பெரிபெரியால் மட்டும் இறந்தவர்கள் 20,000-க்கும் மேல். துப்பாக்கிக் குண்டு இல்லை, பீரங்கி இல்லை. வெள்ளைச் சோறு! யுத்தம் முடிகிற தறுவாயில்தான் பார்லி கலந்தார்கள்.

சிப்பாயின் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் என் தாத்தா மாதிரி. ஆனால் அந்த டாக்டர்கள்? அடுத்தவன் சொன்னதை ஒப்புக்கொண்டால் நம் மதிப்பு என்னாவது என்று நினைத்ததற்கு, தங்கள் உயிரை அல்ல, அடுத்தவன் உயிரை விலையாகக் கொடுத்தார்கள்.

இதே காலத்தில் ஜாவாவில் இன்னொரு வேடிக்கை. அங்கே எய்க்மான் என்ற டச்சு டாக்டர் ஆராய்ச்சிக்காகக் கோழி வளர்த்தார். கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன. பார்த்தால், ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத்தான் அவற்றுக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிறகு ஒரு புதுச் சமையல்காரர் வந்தார். 'பட்டாளத்து அரிசியை, பட்டாளத்தைச் சேராத கோழிகளுக்குப் போட முடியாது' என்று மறுத்துவிட்டார். கோழிகளுக்குத் தீட்டாத மட்ட அரிசி. எல்லாம் எழுந்து நடந்தன! சமையல்காரரின் அந்தஸ்துப் பார்வை கோழிகளைக் காப்பாற்றியது. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு.

நம்மைப் பெரிபெரியிலிருந்து பெருமளவு காப்பாற்றியது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயாமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பழைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி அதிகம் இருந்தது, மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வடக்கு ஆந்திரக் கடற்கரைப் பக்கம்தான். நமக்கு வந்தது வேறு வடிவத்தில், பிறகு வந்தது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்கிறது. அத்தனைக்கும் சோறு மட்டும் காரணம் என்று நான் சொன்னால் நீங்கள் என்னைச் சும்மா விடக்கூடாது. பரம்பரை, உட்கார்ந்த வேலை, தொந்தி, தூக்கக்கேடு எல்லாம் சேர்ந்தது. ஆனால் குவித்து வைத்த வெள்ளைச் சோறு அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்கிறது.

ஜப்பான் டாக்டர்களைப் பற்றி இவ்வளவு எழுதியபிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்துவிட்டு வந்து பிராக்டீஸ் தொடங்கி ஆறேழு வருடம் இருக்கும். 'எம்.பி.பி.எஸ். கிடைக்கலியா?' என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு உள்ளுக்குள் ஒரு புண். கல்வத்தை உள்ளறைக்குத் தள்ளிவிட்டு, மேஜைமேல் ஸ்டெதாஸ்கோப்பை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்த காலம். லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிற ஒருவர் வந்தார். சர்க்கரைக்காரர். கால் விரலில் புண். "இங்கிலீஷ் வைத்தியமே வேண்டாம்னு உங்களை நம்பி வந்திருக்கேன் சார்" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு வெல்லமாக இனித்தது. திரிபலா கஷாயத்தில் கழுவி, மத்தன் தைலம் போட்டேன். சின்னப் புண்களுக்கு நன்றாகக் கேட்கிற மருந்து. இரண்டாவது வாரமே விரலின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் வாடை. அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரியும். தெரியாமல் இல்லை. ஆனால் அதே தெருவில் இருந்த சர்ஜன் என்னை 'நாட்டு வைத்தியர்' என்றுதான் குறிப்பிடுவார். அவருக்கு நான் கடிதம் எழுதி அனுப்புவதா? இன்னும் நாலு நாள் பார்ப்போம் என்று தள்ளினேன். பிறகு இன்னும் நாலு நாள்.

கடைசியில் அனுப்பினேன். இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

முன்பே அனுப்பியிருந்தால் ஒரு விரலோடு போயிருக்கலாம். ஒன்றுமே போகாமலும் இருந்திருக்கலாம். அடுத்த பொங்கலுக்கு அவர் கரும்புக் கட்டோடு வந்தார். "நீங்க சமயத்துல ஆஸ்பத்திரிக்கு அனுப்பினதாலதான் சார் கால் தப்பிச்சது" என்றார். நான் மறுத்துச் சொல்லவில்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். இன்றைக்குச் சர்க்கரைக்காரர் காலில் சின்னப் புண்ணோடு வந்தால், மருந்து எழுதுவதற்கு முன்னால் என் பேனா சர்ஜனுக்குக் கடிதம் எழுதும். நீங்களும் எந்த வைத்தியரிடம் போனாலும், கால் புண் ஒரு வாரத்தில் ஆறுகிற வழியைக் காட்டவில்லை என்றால், நிறம் மாறினால், வாடை அடித்தால், அவர் மனசு புண்படுமே என்று காத்திருக்காதீர்கள்.

இனி இன்றைய கூத்துக்கு வருவோம். 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே கம்புக்கும் தினைக்கும் யோகம்தான். தாத்தா வெட்கப்பட்டுச் சாப்பிட்ட கம்பு, சூப்பர் மார்க்கெட்டில் பளபள பாக்கெட்டில், நல்ல அரிசியைவிட அதிக விலையில் உட்கார்ந்திருக்கிறது. நட்சத்திர ஓட்டல் காலைப் பலகாரத்தில் 'மில்லட்' மூலை. என்னிடம் வருகிற ஒரு பெண்மணி தினைப் பொங்கலை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்ட பிறகுதான் சாப்பிடுகிறார். அதே வீட்டில் ரேஷன் அரிசியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "நாங்க வாங்கறதே இல்ல சார், வாங்கினாலும் வேலைக்காரம்மாவுக்குக் கொடுத்துடுவோம்." (அடுத்த நாள் இட்லிக்கு ஊறுவது என்ன அரிசி என்று நான் கேட்பதில்லை!) தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். கரிசல் காட்டில் கம்பு விதைத்த குடும்பத்தின் பேரன் ரேஷன் அரிசி சாப்பிடுகிறான். பண்ணையார் பேரன் கம்பு சாப்பிடுகிறான். சிரட்டை கை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

அந்தஸ்துக்காகக் கம்பு சாப்பிட்டால் என்ன, நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான், சாப்பாடாகச் சாப்பிட்டால். ஆனால் தினை அல்வா, கேழ்வரகு பிஸ்கட், வெல்லம் போட்ட கம்பு லட்டு என்று போனால்? சர்க்கரைக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது. கேழ்வரகும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாகவே ஏறும். கெட்டியாக, அளவாக, கூட ஒரு கீரையோ, பருப்போ, மோரோ வைத்துச் சாப்பிடுங்கள். தைராய்டு தொந்தரவு இருப்பவர்கள் கம்பை தினமும் வேண்டாம், மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொன்ன அம்மாவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். 'நாலு பேரைப் பற்றிக் கவலைப்படாதீங்க' என்று சொல்லவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற தாய்க்கு அந்தக் கவலை இருக்கத்தான் செய்யும். சும்மா அறிவுரை சொன்னால் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும். "சம்பந்திக்குச் சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் போடுங்க. கூடவே எல்லார் இலையிலும் ஒரு கம்பு அடை வையுங்க. இவருக்கு மட்டும் தனியா வெச்சாத்தான் பத்தியச் சாப்பாடு. எல்லாருக்கும் வெச்சா அது விருந்து" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தார்கள். சம்பந்தி அடை வைத்ததைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாராம். இன்னொன்று கேட்டு வாங்கினாராம். பாயசத்தைத் தொடவில்லை. கிளம்பும்போது சம்பந்தியம்மா இந்த அம்மாவை மெதுவாகச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "உங்க வீட்டுக்காரருக்கு எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அவர் வீட்டுக்காரருக்குப் பதினோரு வருஷமாம். இன்சுலின். எங்கே தெரிந்தால் பையன் சம்பந்தம் தட்டிப்போகுமோ என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கு மூன்று ஜாங்கிரி சாப்பிட்டாராம் மனுஷர்.

வங்கிக்காரருக்கு 9.2 இப்போது 8.5. போதாது, இன்னும் குறைய வேண்டும், சொல்லி அனுப்பியிருக்கிறேன். சம்பந்தி வரும் வியாழக்கிழமை வருகிறார். காலை வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறேன், செருப்பைக் கழற்றிப் பாதத்தையும் பார்க்க வேண்டும்.